கிளவுட்டில் கொன்டெய்னருக்கு நிலையான டிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பல சின்ன அணிகள் தங்கள் செயலிகளைக் கொன்டெய்னர்களாக (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்த பெட்டிகளாக) ஆக்கி, அவற்றைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. செயலி ஓடத் தொடங்கிய சில நாட்களில் வரும் முதல் கலக்கம் தரவைப் பற்றியது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் செயலி, அதன் பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். விவரங்கள் பெரும்பாலும் அமேசன் கிளவுட்டின் இகேஎஸ் (குபர்னெட்டீஸ் சேவை), இபிஎஸ் (டிஸ்க் சேவை) பற்றியவை. மைக்ரோசொஃப்டின் அசூரில் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம். பொட் என்பது கொன்டெய்னரைச் சுமக்கும் அலகு, நோட் என்பது பொட் ஓடும் மெஷின், கிளஸ்டர் என்பது நோட்டுகளின் தொகுதி.

1. பொட் ரீஸ்டார்ட் ஆனதும் டேட்டா எல்லாம் போயிட்டுது. டொக்கர்ல இப்பிடி நடக்கேல்லையே, ஏன்?

கொன்டெய்னருக்குள் எழுதப்படும் கோப்புகள் இமேஜின் (கொன்டெய்னரின் மூலப் பிரதி) மேல் விரிக்கப்பட்ட ஒரு மெல்லிய படலத்தில் போய்ச் சேருகின்றன. டொக்கரில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் அதே கொன்டெய்னர்தான் எழும்பும். படலமும் அப்படியே இருக்கும். கொன்டெய்னரை நீக்கினால்தான் அது போகும். குபர்னெட்டீஸ் பழையதை எழுப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் இமேஜிலிருந்து புதிதாக ஒன்றை உண்டாக்குகிறது. அதனால் பழைய படலம் கைக்கு வராது.

எம்ப்டி-டிர் என்ற வொலியூமை (பொட்டோடு இணைக்கும் சேமிப்பிடம்) நிலையானது என்று நம்பி ஏமாறுபவர்கள் பலர். கொன்டெய்னர் விழுந்து எழும்பினால் அது தப்பும். பொட்டே நீக்கப்பட்டால், அல்லது வேறு நோட்டுக்குப் போனால், அதுவும் சேர்ந்து போகும். தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் பாவியுங்கள்.

2. பிவி, பிவிசி, ஸ்டோரேஜ் கிளாஸ் மூண்டும் ஒண்டுதானே? நான் எழுத வேண்டியது எது?

மூன்றும் வேறு. பிவிசி என்பது விண்ணப்பம்: "எனக்கு 20 ஜிபி வேண்டும், இந்த வகையில்." பிவி என்பது உண்மையான டிஸ்க்கைப் பற்றிக் கிளஸ்டர் வைத்திருக்கும் பதிவு. ஸ்டோரேஜ் கிளாஸ் என்பது டிஸ்க்கை எப்படி உண்டாக்குவது என்ற விதி. ஸ்டோரேஜ் கிளாஸை ஒருமுறையும் பிவிசியைச் செயலிக்கு ஒன்றாகவும் நீங்கள் எழுதுகிறீர்கள். டிஸ்க்கையும் பிவியையும், கிளஸ்டருக்காகக் கிளவுட்டோடு பேசும் சிஎஸ்ஐ டிரைவர் என்ற மென்பொருள் உண்டாக்கும்.

தரவுத்தளத்துக்கான ஸ்டோரேஜ் கிளாஸில் ஐந்து விஷயங்களை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். வகை ஜிபி3 (இபிஎஸ் டிஸ்க் வகை ஒன்று, 4ஆம் பதிலைப் பாருங்கள்). என்கிரிப்ஷன் ட்ரூ. வொலியூம் பைண்டிங் முறை வெயிட்-ஃபோர்-ஃபர்ஸ்ட்-கன்ஸ்யூமர் (5ஆம் பதில்). அளவைக் கூட்டும் அனுமதி ட்ரூ. ரீக்ளெய்ம் பொலிசி ரிட்டெய்ன் (14ஆம் பதில்). இவற்றில் என்கிரிப்ஷனைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவதுதான் அதிகம் வருத்தம் தருவது. என்கிரிப்ட் செய்யாத இபிஎஸ் டிஸ்க்கை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. ஸ்னெப்ஷொட் (அந்தக் கணத்தில் டிஸ்க்கின் பிரதி) எடுத்து, அதிலிருந்து என்கிரிப்ட் செய்த புது டிஸ்க் உண்டாக்க வேண்டும்.

3. பிவிசி பெண்டிங்கிலேயே நிக்குது. ஒரு மணித்தியாலம் ஆச்சு.

முதலில் பிவிசியை டிஸ்கிரைப் செய்து, அடியில் இருக்கும் ஈவென்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். முதல் பாவனையாளருக்காகக் காத்திருப்பதாக அங்கே இருந்தால் அது பிழை அல்ல. மேலே சொன்ன பைண்டிங் முறையில், பிவிசியைப் பாவிக்கும் பொட் ஒன்று வரும்வரை டிஸ்க் உண்டாகாது. பொட்டை அனுப்புங்கள், நகரும்.

ஈவென்ட்ஸில் ஒன்றுமே பயனாக இல்லாவிட்டால் ஸ்டோரேஜ் கிளாஸ் பட்டியலை எடுத்து, ஏதாவது ஒன்றின் பக்கத்தில் டிஃபோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இகேஎஸ் 1.30 முதல் புதிதாக உண்டாக்கும் கிளஸ்டர்களில் ஜிபி2 கிளாஸ் டிஃபோல்டாகக் குறிக்கப்படுவதில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து, கிளாஸ் பெயர் போடாமல் எழுதிய பிவிசி அங்கே காத்துக்கொண்டே இருக்கும். பெயரை எழுதிவிடுங்கள்.

மூன்றாவது காரணம் டிரைவர். இகேஎஸ் 1.23 முதல் இபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவரை நாமே எட்-ஒனாக நிறுவ வேண்டும். நிறுவியும் அனுமதி கொடுக்க மறப்பவர்கள் நிறையப் பேர். டிரைவரின் சேர்விஸ் அக்கவுண்டுக்கு (கிளஸ்டருக்குள் அதன் அடையாளம்) ஐஏஎம் ரோல் ஒன்று, அதாவது அமேசனில் எதைச் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு, வேண்டும். அதில் இபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவருக்கென்று அமேசன் தரும் ஆயத்தப் பொலிசி இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவரின் கொன்ட்ரோலர் லொக்கில் அனுமதி மறுப்பு வரிசையாக ஓடும்.

4. எத்தனை ஜிபி கேக்கிறது? கூடக் கேட்டா வேகமும் கூடுமாமே?

அது ஜிபி2 காலத்துக் கதை. ஜிபி2வில் ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை வாசிப்பு-எழுத்து என்ற அளவு), குறைந்தது 100. 100 ஜிபி எடுத்தால் நிரந்தர வேகம் 300 மட்டும். அதற்கு மேல் 3,000 வரை கொஞ்ச நேரம் ஓடி, சேர்ந்திருந்த கிரெடிட் முடிந்ததும் விழுந்துவிடும். ஜிபி3யில் டிஸ்க் எவ்வளவு சின்னதானாலும் 3,000 ஐஓபிஎஸ்ஸும் விநாடிக்கு 125 எம்பியும் அடிப்படையாகக் கிடைக்கும். கூடுதல் வேகத்தை அளவைத் தொடாமல் தனியாக வாங்கலாம்.

ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள். பில்லிங் தரவு 6 ஜிபி என்றால் 20 ஜிபி போதும். டிஸ்க்கைப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க முடியாது. காசு டிஸ்க்கில் நிரப்பிய அளவுக்கல்ல, பிவிசியில் கேட்ட அளவுக்குப் போகும், அதுவும் டொலரில்.

5. சோன் எண்டா என்ன, அதை நான் ஏன் கவனிக்க வேணும்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். ரீஜியன் என்பது கிளவுட் நிறுவனம் தரவு மையங்கள் வைத்திருக்கும் ஒரு பிரதேசம். சோன் என்பது அதற்குள் தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதி. இபிஎஸ் டிஸ்க் ஒரு சோனுக்குள் பிறக்கிறது. அந்தச் சோனில் உள்ள நோட்டில்தான் அதை மாட்ட முடியும். மும்பை ரீஜியனில் ஏ, பி, சி என்று மூன்று சோன்கள். டிஸ்க் ஏயில் பிறந்தால் பொட்டும் காலம் முழுக்க ஏயில்தான் ஓட வேண்டும். பொட் எங்கும் போகும், டிஸ்க் போகாது.

பைண்டிங் முறை இமீடியட் என்று இருந்தால், பொட் எங்கே போகும் என்று பார்க்காமலே டிஸ்க் உண்டாகிவிடும். டிஸ்க் சியில், இடம் உள்ள நோட் ஏயில் என்று ஆனால் பொட் பெண்டிங்கில் நிற்கும். வொலியூம் நோட் அஃபினிட்டி கொன்ஃப்ளிக்ட் என்று செய்தி வரும். வெயிட்-ஃபோர்-ஃபர்ஸ்ட்-கன்ஸ்யூமர் முதலில் பொட்டுக்கு நோட்டைத் தெரிந்து, அதே சோனில் டிஸ்க்கை உண்டாக்கும்.

அதைச் சரியாகப் போட்டும் சில மாதம் கழித்து அதே செய்தி வரலாம். இரவில் பாவனை குறைகிறது, ஒட்டோஸ்கேலர் (தேவைக்கேற்ப நோட்டுகளைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) ஏ சோனில் இருந்த கடைசி நோட்டை எடுத்துவிடுகிறது, காலையில் புது நோட்டைப் பியில் உண்டாக்குகிறது. கடை திறக்கும் நேரம் பில் போட முடியவில்லை. மூன்று சோனுக்கும் ஒரே நோட் குரூப் வைத்தால் இது எந்நாளும் நடக்கக்கூடியது. சோனுக்கு ஒரு நோட் குரூப் என்று பிரித்து, தரவுத்தளம் இருக்கும் சோனின் குரூப்பில் ஆகக் குறைந்தது ஒரு நோட் எப்போதும் இருக்கும்படி வையுங்கள். கார்ப்பென்டர் என்ற இன்னொரு ஒட்டோஸ்கேலரைப் பாவிப்பவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு: அது டிஸ்க் இருக்கும் சோனைப் பார்த்தே நோட்டை உண்டாக்கும்.

அசூரில் இசட்ஆர்எஸ் வகை (பல சோன்களில் பிரதி வைக்கும்) டிஸ்க் எடுத்தால் அதே ரீஜியனின் வேறு சோனிலும் மாட்டலாம். எல்ஆர்எஸ் வகையில் அது இல்லை.

6. நாங்க கொழும்பில இருந்து பாவிக்கிறம். மும்பையா, சிங்கப்பூரா?

அமேசன், அசூர், கூகுள் மூன்றுக்கும் இலங்கையில் ரீஜியன் இல்லை. டிஸ்க்கின் வேகத்துக்கும் கொழும்பின் தூரத்துக்கும் தொடர்பும் இல்லை, ஏனென்றால் நோட்டும் டிஸ்க்கும் ஒரே சோனில் இருக்கின்றன. தூரம் உறைப்பது பாவனையாளரின் கோரிக்கைக்குத்தான். இரண்டையும் உங்கள் அலுவலக இணைப்பிலிருந்து பிங் செய்து பாருங்கள். இணைய நிறுவனத்தைப் பொறுத்து விடை மாறும். கூடாதது ஒன்று: செயலியைக் கொழும்பு சேர்வரில் விட்டுவிட்டுத் தரவுத்தளத்தை மட்டும் மும்பைக்கு அனுப்புவது. ஒரு பில்லுக்குத் தரவுத்தளத்துக்கு 40 குவெரி (கேள்வி) போனால் 40 முறையும் கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். எல்லை கடந்து தரவு போவதற்கு அதில் தனி ஏற்பாடு உண்டு. அரச நிறுவனத்துக்கு வேலை செய்பவர்கள் ரீஜியனைத் தெரிவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

7. ரீட்-ரைட்-வன்ஸ் எண்டு போட்டும் ரெண்டு பொட் ஒரே டிஸ்க்கில எழுதுது. எப்பிடி?

ரீட்-ரைட்-வன்ஸ் என்பது டிஸ்க்கை யார் மாட்டலாம் என்று பிவிசியில் எழுதும் அணுகல் முறை. அதில் வன்ஸ் என்பது ஒரு பொட்டை அல்ல, ஒரு நோட்டைக் குறிக்கிறது. இரண்டு பொட்டும் ஒரே நோட்டில் விழுந்தால் இரண்டும் மாட்டிக்கொண்டு எழுதும். உண்மையிலேயே ஒரு பொட் மட்டும் என்றால் ரீட்-ரைட்-வன்ஸ்-பொட் என்று போடுங்கள். குபர்னெட்டீஸ் 1.29இல் அது நிலையான வசதியாகிவிட்டது. தரவுத்தளத்துக்கு அதுவே பாதுகாப்பு.

8. அப்ப மூண்டு பொட்டுக்கு ஒரே ஃபோல்டர் வேணுமெண்டா என்ன செய்யிறது?

இபிஎஸ்ஸில் ரீட்-ரைட்-மெனி (பல நோட்டிலிருந்தும் எழுதும் முறை) கேட்காதீர்கள், கிடைக்காது. இதற்குப் பகிர்ந்த ஃபைல் சேவை வேண்டும்: அமேசனில் இஎஃப்எஸ், அசூரில் அசூர் ஃபைல்ஸ். இஎஃப்எஸ், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு சோனிலும் மவுண்ட் டார்கெட் (இஎஃப்எஸ்ஸுக்குள் நுழையும் இடம்) வேண்டும். அதன் செக்கியூரிட்டி குரூப்பில் நோட்டுகளிடமிருந்து 2049ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். அதை மறந்தால் பொட் கொன்டெய்னர்-கிரியேட்டிங் நிலையிலேயே நின்று, சில நிமிடத்தில் டைம்-அவுட் என்று சொல்லும். பிவிசியில் எழுதும் அளவை இஎஃப்எஸ் பொருட்படுத்தாது. 5 ஜிபி என்று எழுதினாலும் 500 ஜிபி நிரப்பலாம், பில்லும் அதற்கேற்ப வரும்.

போஸ்ட்கிரெஸையோ எஸ்கியூலைட்டையோ அதில் வைக்காதீர்கள். சின்னச் சின்ன எழுத்துகள் நெட்வொர்க் தாண்டிப் போய் வருவதால் மெதுவாகும். எஸ்கியூலைட்டுக்கு லொக் சிக்கலும் வரும். பில்லின் பிடிஎஃப், பொருட்களின் படங்கள் போன்றவைக்கு மவுண்டே தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. எஸ்3 போன்ற ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (மவுண்ட் இல்லாமல் இணையம் வழியாகக் கோப்பைப் போட்டு எடுக்கும் சேவை) செயலியை மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் வேலை, பிறகு வொலியூம் பற்றிய கவலையே இல்லை.

9. டிஸ்க் மாட்டியாச்சு, ஆனா எழுதப் போனா பெர்மிஷன் டினைட்.

புது டிஸ்க்கின் உரிமையாளர் ரூட், அதாவது லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள பாவனையாளர். உங்கள் கொன்டெய்னர் ரூட் இல்லாத பாவனையாளராக ஓடினால் எழுத முடியாது. பொட்டின் செக்கியூரிட்டி கொன்டெக்ஸ்டில் எஃப்எஸ்-குரூப் போடுங்கள். மவுண்ட் செய்யும்போது குபர்னெட்டீஸ் அந்தக் குழுவுக்கு உரிமையை மாற்றும். லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் எல்லாவற்றையும் மாற்றப் போய் பொட் எழும்பப் பல நிமிடம் எடுக்கும். மாற்றும் முறையை ஒன்-ரூட்-மிஸ்மெச் என்று வைத்தால் மேல் ஃபோல்டர் சரியாக இருக்கும்போது மிச்சத்தைத் தொடாது.

இலக்கத்தைக் கவனியுங்கள். அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜின் டெபியன் வகையில் பாவனையாளர் இலக்கம் 999, அல்பைன் வகையில் 70. இமேஜைச் சின்னதாக்க நினைத்து டெபியனிலிருந்து அல்பைனுக்கு மாறினால் உரிமை பொருந்தாமல் போகும். அதை விடப் பெரிய ஆபத்து, இரண்டும் சொற்களை அகரவரிசைப்படுத்த வேறு வேறு சி லைப்ரரியை நம்புவது. பழைய இன்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் பிழையாகிவிடும். ஓடும் தரவுக்கு அந்த மாற்றம் வேண்டாம். செய்தே ஆக வேண்டுமானால் டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக) எடுத்துத் திரும்ப ஏற்றுங்கள்.

10. போஸ்ட்கிரெஸ் "ஃபோல்டர் வெறுமையா இல்லை" எண்டு சொல்லி நிக்குது. புது டிஸ்க்தானே!

புது டிஸ்க்தான், ஆனால் வெறுமை இல்லை. உள்ளே போய்ப் பட்டியல் எடுத்தால் "லொஸ்ட்+ஃபவுண்ட்" என்று ஒரு ஃபோல்டர் தனியே இருக்கும். இஎக்ஸ்டி4 ஃபோர்மெட் செய்யும்போது அதுவே வைத்துவிடுவது அது. தரவுத்தளத்தை முதல்முறை உண்டாக்கும் நிரல் அதைக் கண்டதும், யாருடையதோ தரவு என்று பயந்து நின்றுவிடுகிறது. நிற்பது நல்லது. அந்த ஃபோல்டரை அழிக்காமல், பிஜிடேட்டா மாறியை (போஸ்ட்கிரெஸ் தரவு எங்கே என்று சொல்வது) மவுண்ட் இடத்துக்குள் ஓர் உள்ஃபோல்டருக்குக் காட்டுங்கள். அல்லது மவுண்டில் சப்-பாத் போடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் 18 இமேஜில் மவுண்ட் இடம் ஒரு படி மேலே போயிருக்கிறது: முன்பு போஸ்ட்கிரெஸ் ஃபோல்டருக்குள் இருந்த டேட்டா ஃபோல்டர், இப்போது அந்த மேல் ஃபோல்டரே. பழைய மெனிஃபெஸ்டை (கிளஸ்டருக்கு அனுப்பும் விவரக் கோப்பு) வைத்துக்கொண்டு இமேஜின் டெக் (பதிப்பு) இலக்கத்தை மட்டும் 18 ஆக்காதீர்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்குத் தரவையும் மேம்படுத்த வேண்டும், அது தனி வேலை.

11. புது வெர்ஷன் போடும்போது மல்டி-அட்டாச் எரர் வருது.

டிப்ளோய்மென்டின் (செயலியின் பொட்டுகளை நடத்தும் குபர்னெட்டீஸ் அமைப்பு) இயல்பு, புதுப் பொட் எழும்பிய பிறகு பழையதை நிறுத்துவது. புதியது வேறு நோட்டில் விழுந்தால் டிஸ்க் இன்னும் பழைய நோட்டில் மாட்டியிருக்கும். புதியது டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, பழையது புதியதற்காகக் காத்திருக்கிறது. இரண்டும் அசையாது. ஸ்ட்ரெட்டஜியை ரீகிரியேட் என்று மாற்றினால் தீரும். சில விநாடி சேவை நிற்கும், அவ்வளவுதான். தரவுத்தளம் என்றால் ஸ்டேட்ஃபுல்செட்டுக்குப் போங்கள். அது பழையதை நிறுத்திய பிறகே புதியதை எழுப்பும், ஒவ்வொரு பொட்டுக்கும் தனி பிவிசியும் தரும்.

12. நோட் செத்தா எவ்வளவு நேரத்தில திரும்பி வரும்?

நினைப்பதைவிட நேரம் எடுக்கும். நோட் பதில் சொல்லாமல் போனால், அதிலிருக்கும் பொட்டுகளை நீக்க டிஃபோல்டாக 300 விநாடி காத்திருக்கும். அதன் பிறகு டிஸ்க்கைப் பலவந்தமாகக் கழற்ற 6 நிமிடம். ஆக 11 நிமிடத்துக்கு மேல். ஸ்டேட்ஃபுல்செட் பொட் டெர்மினேட்டிங் நிலையிலேயே தொங்கினால் அதுவும் தானாக நடக்காது.

வழி இது: கிளவுட் கொன்சோலில் அந்த மெஷின் உண்மையிலேயே நிறுத்தப்பட்டதா என்று கண்ணால் பாருங்கள். நிறுத்தப்பட்டிருந்தால் நோட்டுக்கு அவுட்-ஒஃப்-சேர்விஸ் டெயின்ட் (சேவையில் இல்லை என்ற குறி) போடுங்கள். குபர்னெட்டீஸ் 1.28 முதல் இது நிலையான வசதி. பொட் உடனே நீங்கி டிஸ்க் கழன்று வரும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் இரு பக்கத்திலிருந்தும் எழுத்து நடந்து ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகலாம். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

13. டிஸ்க் 90 வீதம் நிரம்பிட்டுது. நிப்பாட்டாமல் பெருப்பிக்கலாமா?

ஸ்டோரேஜ் கிளாஸில் அனுமதி இருந்தால் முடியும். பிவிசியில் அளவைக் கூட்டி எழுதுங்கள். டிஸ்க்கும் ஃபைல் சிஸ்டமும் பொட் ஓடும்போதே பெருக்கும். ஸ்டேட்ஃபுல்செட்டின் பிவிசி டெம்ப்ளேட்டை மட்டும் திருத்த விடாது. பிவிசிகளை ஒவ்வொன்றாகப் பெருப்பியுங்கள். பிறகு ஸ்டேட்ஃபுல்செட்டைக் கெஸ்கேட் ஓர்ஃபன் முறையில் நீக்கினால் பொட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். புது அளவோடு அதைத் திரும்ப உண்டாக்குங்கள்.

முற்றாக நிரம்பவிட்டால் போஸ்ட்கிரெஸ் விழும், திரும்பத் தொடங்கவும் இடமிருக்காது. ஒவ்வொரு நோட்டிலும் ஓடும் கியூப்லெட் தரும் வொலியூம் அளவீட்டில் 80 வீதத்துக்கு எச்சரிக்கை வையுங்கள்.

14. ஹெல்ம் அன்இன்ஸ்டோல் செய்தா டிஸ்க்கும் போகுமா?

ஸ்டேட்ஃபுல்செட் டெம்ப்ளேட்டிலிருந்து வந்த பிவிசி போகாது. ஹெல்ம் சார்ட்டில் (செயலியை நிறுவும் பொதி) தனியாக எழுதிய பிவிசி போகும். நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த பகுதி) நீக்கினால் இரண்டுமே போகும். பிவிசி போன பிறகு டிஸ்க்கின் கதி ரீக்ளெய்ம் பொலிசியில் இருக்கிறது: டிலீட் என்றால் டிஸ்க்கும் அழியும், ரிட்டெய்ன் என்றால் மிஞ்சும். ஒன்றும் சொல்லாவிட்டால் டிலீட்தான். ஸ்டோரேஜ் கிளாஸை இப்போது மாற்றுவது ஏற்கெனவே உள்ள டிஸ்க்கைப் பாதிக்காது. அந்தந்த பிவியைப் பெட்ச் செய்து ரிட்டெய்ன் ஆக்க வேண்டும். இன்றே செய்யக்கூடிய ஒரு நிமிட வேலை இது.

மிஞ்சிய பிவி ரிலீஸ்ட் நிலையில் இருக்கும். புது பிவிசி அதைத் தானாக எடுக்காது. பிவியிலிருந்து கிளெய்ம்-ரெஃப் பகுதியை நீக்கினால் அவெய்லபிள் ஆகும். பிறகு வொலியூம் பெயரையும் அதே ஸ்டோரேஜ் கிளாஸையும் குறிப்பிட்டுப் புது பிவிசி எழுதுங்கள். ரிட்டெய்னுக்கு ஒரு விலையும் உண்டு: யாரும் பாவிக்காத டிஸ்க்குக்கும் காசு போய்க்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை ரிலீஸ்ட் பட்டியலையும், கொன்சோலில் எதிலும் மாட்டப்படாத டிஸ்க்குகளையும் பாருங்கள்.

15. ஸ்னெப்ஷொட் தினமும் எடுக்கிறம். வேற பெக்கப் எதுக்கு?

ஸ்னெப்ஷொட் என்பது அந்தக் கணத்தில் கரண்ட் போனால் டிஸ்க் எப்படி இருக்குமோ அந்த நிலை. போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தால் அதிலிருந்து எழும்பிவிடும். வோல் கோப்புகளை (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) தனி டிஸ்க்கில் வைத்திருந்தால் இரண்டு ஸ்னெப்ஷொட்டும் ஒரே கணத்தவை அல்ல. அப்போது எழும்பாமல் போகலாம். மேலும், ஸ்னெப்ஷொட் அதே ரீஜியனில், அதே அக்கவுண்டில் இருக்கிறது. அக்கவுண்ட் கைவிட்டுப் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஆகவே இரவில் ஒரு பிஜி-டம்ப், வேறு அக்கவுண்டில் உள்ள ஒப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. மாதம் ஒருமுறை அதை வெறும் தரவுத்தளத்தில் ஏற்றி, கடைசி நாளின் பில் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத டம்ப்பை பெக்கப் என்று எண்ண வேண்டாம். இதை ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லாத அணி தரவுத்தளத்தைக் கிளஸ்டருக்குள் வைக்காமல் ஆர்டிஎஸ் போன்ற, தரவுத்தளத்தை அமேசனே நடத்தித் தரும் சேவைக்குக் கொடுப்பதே நல்லது. விலை கூட, ஆனால் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகள் வராது.

16. ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்ட பெக்கப் காலமை ஏழரைக்கு ஓடுது.

கிரொன்ஜொப் (குறித்த நேரத்தில் ஓடும் குபர்னெட்டீஸ் வேலை) யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. கொழும்பு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். 1.27 முதல் நிலையான வசதியாக உள்ள டைம்-சோன் புலத்தில் ஏசியா/கொலம்போ என்று எழுதுங்கள். பழைய கிளஸ்டரில் 20:30 என்று போடுங்கள்.

17. டிஸ்க்கை ஏ சோனிலயிருந்து பிக்கு மாத்த வேணும். வழி இருக்கா?

நகர்த்த முடியாது, பிரதியெடுக்கலாம். 14ஆம் பதிலில் சொன்னபடி முதலில் பிவியை ரிட்டெய்ன் ஆக்குங்கள். ஸ்டேட்ஃபுல்செட்டைப் பூச்சியத்துக்கு இறக்கி, வொலியூம்-ஸ்னெப்ஷொட் எடுத்து, ரெடி-டு-யூஸ் ட்ரூ ஆகும்வரை பொறுங்கள். ஸ்னெப்ஷொட் கொன்ட்ரோலரும் அதன் சிஆர்டிகளும் (ஸ்னெப்ஷொட் என்ற வகையைக் கிளஸ்டருக்கு அறிமுகப்படுத்தும் வரையறைகள்) கிளஸ்டரில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். பிறகு பழைய பிவிசியை நீக்கி, அதே பெயரில், குறைந்தது அதே அளவில், டேட்டா-சோர்ஸாக ஸ்னெப்ஷொட்டைக் காட்டிப் புதியதை எழுதுங்கள். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் ஸ்டேட்ஃபுல்செட் அதை விட்டுவிட்டு வெறும் டிஸ்க் ஒன்றை உண்டாக்கும். பொட்டுக்குப் பி சோனின் நோட் செலக்டரைப் போட்டு எழுப்பினால் டிஸ்க் பியில் பிறக்கும்.

முதல் மணித்தியாலங்கள் மெதுவாக இருக்கும். ஸ்னெப்ஷொட்டிலிருந்து வந்த இபிஎஸ் டிஸ்க் ஒவ்வொரு பகுதியையும் முதல் வாசிப்பின்போதுதான் எஸ்3இலிருந்து கொண்டுவருகிறது. ஞாயிறு இரவு மாற்றி, பெரிய அட்டவணைகளை ஒருமுறை முழுதாக வாசிக்கவிட்டால், திங்கள் காலை புறக்கோட்டையில் ஷட்டர் திறக்கும்போது டிஸ்க் முழு வேகத்துக்கு வந்திருக்கும். ஏ சோனில் உள்ள பழையதை அந்த வாரக் கணக்கு சரிவரும்வரை அழிக்காதீர்கள்.